எட்டு போல்ட்டுகள் சாட்சி!

போன் அலறியது!

வேனுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்த தர்தீரி, எண்ணெய்க் கையோடு அதை எடுத்தான்.

"தர்தீரி! விஷயம் தெரியுமா? பஹ்கத் செத்துட்டான்டா!"

பக்கத்துப் பட்டறை மெக்கானிக் உஸ்தா வஹ்பாவின் குரல்.

தர்தீரி வாய் தவறிக் கேட்டு விட்டான்.

"அதுக்குள்ளயா?"

"என்னது?"

"இல்ல... அதுக்குள்ள போயிட்டானேன்னு... நல்ல மனுஷனாச்சே!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். பஹ்கத்தின் நாற்பது வருஷப் பழைய வேன் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

நாளைக் காலையில் பஹ்கத் இந்த வேனை எடுத்துக்கொண்டு சுக்னா மலைச் சரிவில் இறங்க வேண்டும். பாதியில் எஞ்ஜின் வெடிக்க வேண்டும். சக்கரம் இறுகி, வண்டி பள்ளத்தில் உருள வேண்டும். அதற்கப்புறம்தான் அவன் சாக வேண்டும். அப்படித்தான் திட்டம்!

வண்டி பட்டறையை விட்டுக் கிளம்பவே இல்லை... ஆள் முந்திக்கொண்டு விட்டான்!

'எதுலயும் அவசரம் இந்த ஆளுக்கு!' என்று தர்தீரி அலுத்துக்கொண்டபோது...

தட்! தட்! தட்!

ஷட்டர் அதிர்ந்தது. தூக்கினான்.

இன்ஸ்பெக்டர் நஸ்மி. பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள். கூடவே வெளிறிப்போன வஹ்பா.

"உஸ்தா தர்தீரி நீதானா?"

"ஆமா பாஷா."

இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே ஒரு பெரிய ஸ்பானர். அதன் தலையில் ரத்தம். பிடியில் பொறித்திருந்த பெயர்... தர்தீரி!

"உன் சாமான் ஒண்ணு பஹ்கத் வீட்டுல கிடந்துச்சு. அவன் மண்டைக்குப் பக்கத்துல. திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."



"மத்தியானம் ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் எங்க இருந்தே?"

"இங்கதான் பாஷா... தூங்கிட்டிருந்தேன்."

"முழங்கை வரைக்கும் எண்ணெய் பூசிக்கிட்டா தூங்குவே? ரொம்ப நல்ல பழக்கம். யாராவது பார்த்தாங்களா?"

வெள்ளிக்கிழமை. தொழுகை விடுமுறை. ஹரஃபியீன் பேட்டை முழுக்கப் பட்டறைகள் மூடிக் கிடந்தன. யார் பார்ப்பார்கள்? யாரும் பார்க்கக் கூடாது என்றுதானே இந்த நாளைத் தேர்ந்தெடுத்தான்!

"சப்தியா மார்க்கெட்ல போல்ட் கடை வெச்சிருக்காளே இன்ஷிராஹ்... அந்த விதவையைக் கட்டிக்க நீயும் அலைஞ்சே, பஹ்கத்தும் அலைஞ்சான். ஊருக்கே தெரியும். காரணம் இருக்கு, ஸ்பானர் இருக்கு. கயிறு ஒண்ணுதான் பாக்கி."

தூக்கு!

தர்தீரியின் மூளை அவசரமாகக் கணக்குப் போட்டது. உண்மையைச் சொன்னால் ஜெயில். சொல்லாவிட்டால் இடுகாடு!

"பாஷா! நான் பஹ்கத்தைக் கொல்லலை!"

"சரி."

"ஏன்னா... அந்த நேரத்துல நான் பஹ்கத்தைக் கொல்றதுக்கு ஏற்பாடு பண்ணிட்டிருந்தேன்!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு வாக்குமூலத்தை அவர் கேட்டதில்லை.

"விளக்கமா சொல்லு."

"இந்த வேன் எஞ்ஜினை நான்தான் முழுசாப் பிரிச்சுக் கட்டினேன். கனெக்டிங் ராடு போல்ட் மொத்தம் எட்டு. எஞ்ஜினோட உசுரே அதுலதான் இருக்கு. ஒரு தடவை முறுக்கினா அது இழுபட்டுடும்... கழட்டினதை மறுபடி போடவே கூடாது. வியாழக்கிழமை புத்தம் புதுசா எட்டு போட்டு, வஹ்பா கையாலயே முறுக்கி முடிச்சோம்."

"ஆமா பாஷா" என்றான் வஹ்பா.

"இன்னிக்கு மத்தியானம் ஷட்டரை மூடிட்டு, எஞ்ஜினுக்கு அடியில இருக்கற ஆயில் சம்ப்பை இறக்கி, நல்ல எட்டையும் கழட்டிட்டு, இழுபட்ட பழைய போல்ட் எட்டைப் போட்டேன். டவுனுக்குள்ள தாங்கும்... மலையில பிச்சுக்கும். நாலு மணி நேர வேலை பாஷா! இதை வெச்சுக்கிட்டு எப்படிக் கொலை பண்ணப் போவேன்?"

"அடேங்கப்பா! கொலைக்குக்கூடச் சரியான போல்ட்டைப் பொறுக்கித்தான் போட்டிருக்கே. தொழில் பக்தி! கழட்டின நல்ல போல்ட் எங்க?"

தர்தீரி மூலையிலிருந்த டிரம்மைக் காட்டினான். அதில் ஆயிரம் போல்ட்டுகள் கிடந்தன.

"பழைய போல்ட்டை எவன் குடுத்தான்?"

தர்தீரி தயங்கினான். கயிறு கண் முன்னால் ஆடியது.

"இன்ஷிராஹ் குடுத்தா."

அரை மணி நேரத்தில் இன்ஷிராஹ் வந்தாள். கறுப்பு அங்கி, சிவந்த கண்கள், கையில் கைக்குட்டை.

"பழைய போல்ட்டா? என் கடையிலயா? பாஷா, என் கடையில பழசுங்கற பேச்சே கிடையாது! புதன்கிழமை புதுசா எட்டு வாங்கிட்டுப் போனான். இதோ பில்லு!"

"இன்ஷிராஹ்! நேத்து ராத்திரி பொட்டலம் கட்டிக் குடுத்தியே! 'அவன் என்னை விட மாட்டேங்கிறான், நீதான் ஏதாவது பண்ணணும்'னு அழுதியே!"

"பாவம்... பயத்துல உளறுது புள்ளை" என்று மூக்கைச் சிந்தினாள்.

"சண்டை எதுக்கு? எஞ்ஜினையே கேட்டுடலாம். வஹ்பா, உள்ள போ!" என்றார் இன்ஸ்பெக்டர்.

வஹ்பா வேனுக்கு அடியில் புகுந்தான். எட்டு போல்ட்டுகளும் வெளியே வந்தன. கன்னங்கரேல் என்று இருந்தன.

'அப்பாடா!' என்று தர்தீரி மூச்சு விட்டான். எட்டு அழுக்கு போல்ட்டுகளைப் பார்த்து இவ்வளவு சந்தோஷம் அவனுக்கு வந்ததே இல்லை.

வஹ்பா அவற்றை மண்ணெண்ணெயில் போட்டுத் துடைத்தான்.

பளபள!

தலையில் 10.9 என்ற தர எண். மரையில் ஒரு கீறல் இல்லை.

"பாஷா... இதுங்க புத்தம் புதுசு. ராடுக்கு இதைத்தான் போடணும். முதல் தரம்."

தர்தீரிக்குத் தலை சுற்றியது. பழசு கேட்டவனுக்குப் புதுசைக் கரி எண்ணெயில் முக்கிக் கொடுத்திருக்கிறாள்! மூடிய ஷட்டர், அவசரம், இருட்டு... அவனும் பார்க்காமல் மாட்டியிருக்கிறான்!

"ஆக, எஞ்ஜினை நீ திறக்கவே இல்லை. வியாழக்கிழமை போட்ட நல்ல போல்ட்டே இருக்கு. கதை பிரமாதம், கண்ணு... நட!"

"ஒரு நிமிஷம் பாஷா, இதுங்க பாதிதான் முறுக்கியிருந்துச்சு" என்றான் வஹ்பா.

"இழுபட்டதாச்சே, கையிலயே உடைஞ்சிடுமோன்னு பயந்து நான்தான் பாதியில விட்டேன்!" என்று கதறினான் தர்தீரி.

இன்ஷிராஹ்வுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"உடையறதா? நான் குடுத்த சரக்கா? வஹ்பா, திரும்ப மாட்டு! முழுசா முறுக்கிக் காட்டு! பாஷாவே பார்க்கட்டும்!"

வஹ்பா மாட்டினான். முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்ச்சைப் பொருத்தினான். முறுக்கினான்.

டக்!

போல்ட்டின் தலை தனியே கழன்று தரையில் உருண்டது.

இரண்டாவது... டக்!

மூன்றாவது... டக்!

"பாஷா!" வஹ்பா கத்தினான். "வியாழக்கிழமை இதே ரெஞ்ச்சால நான் எட்டையும் முழுசா முறுக்கினேன். ஒண்ணுகூட உடையலை! அப்போ இது வேற போல்ட்! தர்தீரி சொன்னது நிஜம்... இன்னிக்குத்தான் மாத்தியிருக்கான்!"

"பொய்!" இன்ஷிராஹ் வீறிட்டாள். "அசல் ஜெர்மன் சரக்கு அது! அந்தப் படுபாவி மொத்த வியாபாரி சத்தியம் பண்ணிக் குடுத்தான்! இருந்த அசல் எட்டையும் புதன்கிழமையே இவனுக்கு வித்துட்டேன்! இவன் மாட்டணும்னுதானே பார்த்துப் பார்த்து அசலா வாங்கி, அழுக்கைப் பூசி..."

சட்டென்று நிறுத்தினாள்.



"சொல்லும்மா, நிறுத்திட்டியே! நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு" என்றார் இன்ஸ்பெக்டர்.

இன்ஷிராஹ் கைக்குட்டையைத் தூர எறிந்தாள்.

"ஆமா! நான்தான் அடிச்சேன்! என் கடைச் சரக்கை அந்த பஹ்கத்தான் வேன்ல ஏத்திட்டுப் போவான். சாதா போல்ட்டுல நான் முதல் தர நம்பர் குத்தறதைப் பார்த்துட்டான். 'கட்டிக்கோ, இல்லேன்னா போலீசுக்குப் போவேன்'னு மிரட்டினான்!"

"என் ஸ்பானர்?" என்றான் தர்தீரி பரிதாபமாக.

"நேத்து நான் கொண்டாந்த பஸ்பூசா இனிப்பை நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் தின்னியே... அப்போ எடுத்தேன். நீயும்தான் தினம் 'கல்யாணம், கல்யாணம்'னு உசுரை வாங்கினே. ஒரே செலவுல ரெண்டு பேரையும் முடிச்சிடலாம்னு பார்த்தேன்!"

தர்தீரியின் காதல் அந்த இடத்திலேயே உயிரை விட்டது. ஆனால் கழுத்து தப்பியது! இரண்டு கைகளையும் ஆசையோடு நீட்டினான்.

"பாஷா, கொலை முயற்சிக்கு என்னைக் கைது பண்ணுங்க! சீக்கிரம்! மனசு மாறிடாதீங்க!"

விலங்கு விழுந்தது. கல்யாண மோதிரம் போட்டுக்கொண்டவன் மாதிரி அதைத் தடவிப் பார்த்தான்.

இன்ஷிராஹ்வை ஜீப்புக்கு அழைத்துப் போனார்கள். படியில் கால் வைத்தவள் திரும்பினாள். முகம் ஜிவுஜிவு என்றிருந்தது.

"பாஷா! எனக்கு ஒரு புகார் குடுக்கணும்! எனக்கே போலி சரக்கு வித்தானே மொத்த வியாபாரி ஷஹாத்தா... அவனை விடாதீங்க! இப்படி ஊரை ஏமாத்தினா நாடு உருப்படுமா?"

"எழுதிக்கலாம். அந்த ஷஹாத்தாவுக்கு யாரும்மா சரக்கு போடறது?"

இன்ஷிராஹ் வாயைத் திறந்தாள். மூடினாள். உடைந்த போல்ட் தலையைக் கையில் வாங்கி, குத்தியிருந்த எண்ணை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"...நான்தான்."

இன்ஸ்பெக்டர் நஸ்மி ஜீப் கதவை அகலத் திறந்தார்.

"புகார் குடுத்ததும் நீ, குற்றவாளியும் நீ! எனக்கு டீசல் மிச்சம்... ஏறும்மா!"