ரொட்டி தொடாத விருந்தாளிகள்

வந்த விருந்தாளிகள் ரொட்டியைத் தொடாமல் எழுந்துவிட்டார்கள் என்பதுதான் குல்பாஷுக்கு முதலில் உறுத்தியது. அவசரமாகக் கிளம்புகிறவன்கூட ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு போவதுதான் அந்தப் புல்வெளியில் வழக்கம். பகையாளியும் அதைத் தட்டமாட்டான். ரஷ்ய டாக்டரம்மாவோ பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்து ரொட்டிக்கு மேலே பிடித்தார். அது கிர்ர் கிர்ர் என்று பூச்சிபோல் சத்தம் போட்டது. புன்னகையோடு தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, தாங்கள் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். பிறகு அதே கருவியை குல்பாஷின் மகள் மெருவெர்த்தின் கழுத்தருகே கொண்டுபோனார். ஆறு வயதுப் பெண், கூச்சத்தில் சிரித்தாள்.

எதற்கு வந்தீர்கள் என்று குல்பாஷ் கேட்கவில்லை. வந்தவர்களிடம் வந்த காரியத்தைக் கேட்பது அந்த ஊரில் பெரிய மானக்கேடு; அவர்களாகச் சொன்னால்தான் உண்டு. போன குளிர்காலத்தில் புருஷன் ரத்தம் கக்கிச் செத்த பிறகு, அந்த வீட்டில் மிச்சமிருந்தது மகளும் அந்த மானமும்தான்.

ஆகஸ்டில் லாரிகள் வந்தன. ராணுவப் பயிற்சியாம், ஊரே மலைக்கு அப்பால் போக வேண்டுமாம். குல்பாஷ் மூட்டை கட்டிக்கொண்டு மகளோடு வந்தபோது கூட்டுப்பண்ணைத் தலைவர் பைமுகான் வழிமறித்தார். அவள் வீடு மட்டும் இங்கேயே இருக்க வேண்டும், டாக்டர்கள் திரும்ப வருவார்கள் என்றார். லாரி மேலிருந்து பக்கத்து வீட்டு கதீஷா, "உனக்கென்னடி சீமாட்டி, பட்டாளமே உன் வீட்டுக்கு விருந்துக்கு வருது" என்று சீண்டினாள். குல்பாஷுக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனாலும் மகளையாவது ஏற்றிக்கொள்ளுங்கள் என்றாள்.

"அந்தப் பிள்ளையத்தான், தங்கச்சி, முக்கியமாச் சொன்னாங்க" என்றார் பைமுகான், லாரிச் சக்கரத்தைப் பார்த்தபடி.

சிப்பாய்கள் முற்றத்தில் ஆடுகளை வரிசையாகக் கட்டிவிட்டு, வீட்டுக்குள் போகக்கூடாது, வெளியிலேயே நிற்க வேண்டும் என்று சைகையால் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசி லாரியின் இரைச்சல் தேய்ந்து மறைந்த பிறகு, மாசிபத்திரிச் செடியின் கசப்பு வாசனையும் ஆட்டுப்புழுக்கை வாசனையும் வெயிலில் காய்ந்த மண் சுவரின் சூடும் மட்டும் அவளைச் சுற்றி நின்றன. காற்றுகூட எங்கோ தூரத்தில் நின்று காத்திருப்பதாகத் தோன்றியது. ஆடுகள் புல்லைத் தொடவில்லை. எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. வானம்பாடிகளின் சத்தம் எப்போது நின்றது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம்.

கண்ணை மூடியும் வெளிச்சம். மகளின் கை எலும்பு தெரிந்தது. பிறகு மண் எழுந்து விழுந்தது. சுவர் விழுந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆட்டு முடி கருகும் நாற்றம்.

மெருவெர்த் உயிரோடு இருந்தாள். அது போதும் என்று நினைத்தாள் குல்பாஷ். பயம்கூட வரவில்லை. உடம்பு வேறு யாருடையதோ என்று இருந்தது.

வெயில் சாயும்போது அவர்கள் வந்தார்கள். ரப்பர் உடை, கண்ணாடி பதித்த முகமூடி. முதலில் ஆடுகளிடம் போனார்கள். ஒவ்வொன்றையும் பதமாகத் தூக்கி லாரியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பிறகு மெருவெர்த்திடம் வந்தார்கள். கருவி இப்போது விட்டுவிட்டுக் கத்தவில்லை, ஒரே மூச்சாகக் கத்தியது. முகமூடிகள் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைத்தன. அவ்வளவுதான். திரும்பி நடந்தார்கள்.

குல்பாஷ் ஓடிப்போய், கடைசியாகப் போனவரின் ரப்பர் கையைப் பிடித்தாள். பிறந்ததிலிருந்து யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"எதுக்கு வந்தீங்க? ஆட்டை ஏத்துறீங்களே, எம்பிள்ளைய ஏத்த மாட்டீங்களா?"

முகமூடிக்குள்ளிருந்து வந்தது பைமுகானின் குரல்.

"குண்டு என்ன செஞ்சுதுன்னு ஆட்ட அறுத்துப் பாப்பாங்க தங்கச்சி. பிள்ளைய உசிரோட பாக்கணுமாம். வருசா வருசம் வருவாங்க."

"மருந்தாவது குடுக்கச் சொல்லுங்கண்ணே."

"குடுத்தா கணக்குத் தப்பிப்போகுமாம்."

அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். வண்டிகள் எதிர்மேட்டில் ஏறி அங்கேயே நின்றன. சன்னலுக்குச் சன்னல் தொலைநோக்கிகள் மின்னின.

அப்போதுதான் வானத்திலிருந்து அது இறங்கத் தொடங்கியது. சாம்பல் நிறம். மெத்தென்று, அவசரமில்லாமல். விழுந்த சுவரின் மேல், கிணற்றுக்குள், மகளின் இரட்டைச் சடையின் மேல். குல்பாஷ் அவளைக் கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிட்டு எங்கே கொண்டுபோய் வைப்பது? கூரை இல்லை. வானம் முழுக்க அதுதான்.

"அம்மா, பனி பெய்யுது. ஆகஸ்டுலயே" என்றாள் மெருவெர்த்.

முற்றத்து நடுவில் போய் நின்று, முகத்தை நிமிர்த்தி, நாக்கை நீட்டினாள். நாக்கில் விழுந்ததை விழுங்கிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தாள்.