நூலைக் காணோம்

காலை 10.20. ஆய்வகத் தட்டில் கிடந்த சதைத்துண்டை லேப் டாக்டரம்மா திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தார். பஸ் கண்டக்டராக இருக்கும் ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து நேற்று வெட்டியெடுத்த அபூர்வக் கட்டி அது. தோலுக்கடியில் வேர்விட்டுப் பரவும் ரகம். ஓரத்தில் துளி மிஞ்சினாலும் திரும்ப முளைக்கும். கட்டி ஓர் ஓரம்வரை வெள்ளையாக ஓடியிருந்தது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அது கழுத்தின் எந்தப் பக்கத்து ஓரம் என்றுதான் தெரியவில்லை. மேல்பக்கம் குட்டை நூல், காதுப்பக்கம் நீள நூல் என்று சர்ஜன் தைத்து அனுப்பவேண்டும். வட்டமான இந்தத் துண்டில் ஒரு நூலும் இல்லை.

பக்கம் தெரிந்தால் அங்கே மட்டும் கொஞ்சம் வெட்டினால் போதும். தெரியாவிட்டால் சுற்றிலும் வெட்டவேண்டும். வாயோரத்தை அசைக்கும் நரம்பு போனாலும் போகும். விசில் ஊதிப் பிழைக்கிறவளுக்கு இந்தக் கதி.

10.45. டாக்டரம்மா போய்க் கேட்டபோது சர்ஜன் அலட்டிக்கொள்ளவில்லை. தான் தைத்ததாகவும், தியேட்டர் நர்ஸ்தான் நூலை வெட்டித் தொலைத்திருப்பாள் என்றும் சொன்னார். அவளை வேலையிலிருந்து நிறுத்தக் கடிதமே எழுதிவிட்டாராம். துண்டோடு வந்த படிவத்தில் அவர் கையெழுத்து இருந்தது: 'இரு நூல்கள் தைக்கப்பட்டன. நேரம் 8.05.'

11.10. டாக்டரம்மா தேடிப்போனபோது நர்ஸ் அழவில்லை, கொதித்துப்போயிருந்தாள்.

"துண்டை ஃபார்மலின் பாட்டில்ல போட்டது யாரு?"

"அவரேதான். நான் மூடி மட்டும் போட்டேன்."

"கத்தி வெச்சது எத்தனை மணிக்கு?"

"எட்டே முக்கால். தியேட்டர் நோட்டுல இருக்கு."

டாக்டரம்மா திரும்பிப்போய், லென்ஸ் வைத்துத் துண்டின் விளிம்பு முழுவதையும் இரண்டு முறை பார்த்தார்.

11.40. சர்ஜன் அறைக் கதவைத் தட்டாமலே டாக்டரம்மா உள்ளே போனார்.

"நூலை யாரும் வெட்டலை, சார். வெட்டியிருந்தா ஊசி போன ஓட்டை இருக்கும். ஃபார்மலின்ல ஊறின சதை இறுகிடும், ஓட்டை மூடாது. ஒரு ஓட்டைகூட இல்லை. நீங்க தைக்கவே இல்லை."

டாக்டரம்மா கையிலிருந்த படிவத்தைச் சர்ஜன் சுட்டிக்காட்டினார்.

"எட்டே முக்காலுக்கு வெட்டினதை எட்டு அஞ்சுக்கே எப்படித் தைச்சீங்க?"

சர்ஜன் தன் வழக்கத்தை ஒப்புக்கொண்டார். அன்றைய படிவங்கள் அத்தனையையும் காலையிலேயே நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அவர் கத்தியைத் தொடுவார். வருஷக்கணக்கான பழக்கம். வேலை மிச்சமாம். மறந்தது அவர், உருளவேண்டியது நர்ஸின் தலை.

ஒரு நாள் மறதியைப் பெரிதாக்கவேண்டுமா என்று முனகினார். டாக்டரம்மா அவரை வார்டுக்கே கூட்டிப்போய், அவர் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்ல வைத்தார்.

கழுத்துக் கட்டோடு கண்டக்டர் முழுதும் கேட்டாள்.

"அடுத்த தடவை வேற டாக்டர் வெட்டட்டும்," என்றாள். "அந்த நர்ஸம்மா பக்கத்துல இருக்கணும். இவரு அந்த ரூமுக்குள்ளயே வரக்கூடாது."