இரண்டு மணிக்கொரு முறை

காலை ஆறு மணிக்கு எழுந்தேன். பால் விடாமல் கட்டன்சாயா போட்டேன். வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்தேன். ஜோஸ்னாவை இடப்பக்கம் திருப்பி முதுகைத் துடைத்தேன். பவுடர் போட்டேன்.

பிறகுதான் நினைவு வந்தது. என் மனைவியை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகிறது.

கட்டிலில் யாரும் இல்லை. ஆனால் உள்ளங்கையில் அவள் இடுப்பின் கனம் இருந்தது.

ஏழு மாதம் இப்படித்தான். இனி மருந்தில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாள் முதல், படுக்கைப்புண் பெரிதாகாமலிருக்க இரண்டு மணிக்கொரு முறை அவளைத் திருப்பிப் போட்டேன். குன்னத்துகாலில், ரப்பர் மரங்களுக்கு நடுவே எங்கள் வீடு. பகலிலும் உள்ளே விளக்கு வேண்டும்.

இன்று கிளம்புவதாக இருந்தேன். திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்திருந்தது. பை வாசலில் இருந்தது. இரவல் வாங்கிய காற்று மெத்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும்.

பத்து மணிக்கு, வீடு வீடாக வந்து நோயாளிகளைப் பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் விமலகுமாரி மெத்தையை எடுத்துப்போக வந்தார்.

"எலே ஷிஜினே, ஒரு சாயா இல்லியா? அவ இருந்தா என்ன இப்பிடி நிறுத்துவாளா?" என்றார். "ஆரியங்கோட்டுல ஒரு ஆளு மூணு நாளா வெறுங்கட்டிலுல கிடக்காரு. சீக்கிரம் பிடி மக்கா."

மெத்தைக்குக் காற்றடிக்கும் மோட்டாரை நிறுத்தினோம். காற்றைத் திறந்துவிட்டோம். கால்மாட்டிலிருந்து சுருட்டினோம்.

பாதியில் நின்றது.

இழுத்தோம். வரவில்லை. புண்ணின் வாடை எழுந்தது.

ஆள் கிடக்கும்போது விரிப்பை மாற்ற ஒரு வழி உண்டு. ஆளை ஒருபக்கம் திருப்பி, ஒழிந்த பாதியைச் சுருட்ட வேண்டும். விமலகுமாரி பழக்கத்தில் சொல்லிவிட்டார்.

"ஒரு வசமா திருப்பு."

என் கைகள் போயின. ஒன்று தோளுக்கு. ஒன்று இடுப்புக்கு. வெறும் காற்றில்.

திருப்பினேன்.

மெத்தையின் இந்தப் பாதி லேசாகி மேலே எழுந்தது.

விமலகுமாரி கையை விட்டார். வாசல்வரை பின்னோக்கியே நடந்தார்.

"இது இஞ்சயே கிடக்கட்டு," என்று கிசுகிசுத்தார். "நீ எறங்கி வா மக்கா. இப்பமே வா."

"பன்ரெண்டுக்கு திருப்பணும் அக்கா," என்றேன். "அவளுக்கு வலிக்கும்."

என் குரல்தான்.

அவர் ஓடினார். சருகில் காலடி கேட்டது. பிறகு அதுவும் இல்லை. நான் கட்டிலோரத்திலிருந்து எழ முயன்றேன். மணிக்கட்டில் ஐந்து விரல்கள் இருந்தன. சூடாக.

ஜோஸ்னா கடைசியாக 'இயேசுவே' என்றாள் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பங்குச்சாமியாரிடமும், அவள் அம்மாவிடமும்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. இதே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்:

"நான் தனியா கிடக்க மாட்டேனாக்கும். கேட்டியளா?"