ஐந்தாவது முடிவு

மைதிலி அன்று காலையில் ஒன்பது நிமிடம் பேசினாள். அவள் கணவன் திருமூர்த்தியின் காதுக்கு வந்தவை நான்கே வார்த்தைகள்: "வழக்கமான வீட்டுப் பேச்சு. அவசரமில்லை." என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் காதிலிருந்த 'சுருக்கி'யே எடுத்துக் கொடுத்தது.

"சரிம்மா, பாத்துக்க" என்றான். பல் தேய்த்துக்கொண்டே சொல்லிவிடக்கூடிய பதில்தான்.

சுருக்கி மிளகளவுக் கருவி. எதிரே பேசுபவரின் குரலைக் காதுக்குள் நுழையவிடாமல் அடைத்துவிட்டு, சாரத்தை மட்டும் கொடுக்கும். கோவையில் இப்போது அது இல்லாத காது அபூர்வம். கல்யாணப் பந்தியில் சம்பந்திகள் சண்டையில்லாமல் சாப்பிடுவதே அதன் புண்ணியத்தில்தான். மைதிலிக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். "காது அரிக்குதுங்க" என்று ஒரே நாளில் கழற்றி மாவு டப்பா பக்கத்தில் வைத்துவிட்டாள்.

திருமூர்த்தி விளையாட்டு விமர்சகன். மூன்று நாளாக 'முழுச்செவி நகரம்' என்ற காட்சிக்கதை விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். படமும் வசனமுமாகக் கதை நகரும். ஆங்காங்கே நாம் ஒரு பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கேற்ப முடிவு மாறும். கதை நடப்பது ஒரு கொடுங்கோல் நகரத்தில். அங்கே சுருக்கிக்குத் தடை. யார் பேசினாலும் பேசி முடிக்கும்வரை கேட்டுத் தொலைக்க வேண்டும்.

நிறைகள் என்ற தலைப்பின் கீழ் இப்படி எழுதியிருந்தான்: 'பயங்கரம் தத்ரூபம். பக்கத்து வீட்டுக்காரர் தன் முழங்கால் வலியைப் பதினொரு நிமிடம் விவரிக்கும் காட்சியில் எனக்கு வியர்த்துவிட்டது.' குறைகள் என்பதன் கீழ்: 'நாயகி செம்மலர் தேநீர்க் கடையில் உட்கார்ந்து தினமும் வளவளவென்று பேசுகிறாள். நான்கு முடிவுகளிலும் காரணமே இல்லாமல் பேருந்தேறிப் போய்விடுகிறாள்.'

முழங்கால் வலியையும் சரி, அந்த வளவளப்பையும் சரி, அவன் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். விமர்சகர்கள் சுருக்கியை விளையாட்டோடு இணைத்துத்தான் ஆடுவார்கள். நாற்பது மணி நேரக் கதை நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். தொழில் வழக்கம் அது, யாரும் வெட்கப்படுவதில்லை.

மதியம் பத்திரிகை ஆசிரியை ஜெயக்கொடி அழைத்தாள்.

"முடிவு அஞ்சுங்களாமா. நீங்க நாலுதான் போட்டிருக்கீங்க. அஞ்சாவதைப் பாத்துட்டு அனுப்புங்க."

வேறு வழியில்லாமல் சுருக்கியைக் கழற்றி மேசையில் வைத்தான். செம்மலரை முதன்முறையாக முழுசாகக் கேட்டான். முதல் ஐந்து நிமிடம் நரகம். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. எதிர்வீட்டுக் கல்யாணத்தில் ரசம் சரியில்லை. மறுபடியும் கம்பளிப்பூச்சி. பிறகு குரல்கூட மாறாமல் சொன்னாள்:

"நாளைக்கு ஊரை விட்டுப் போயிடலாம்னு இருக்கேன். நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா போகலை. அந்தப் பூச்சிக்குச் சாம்பல் தூவினா போதுமாமே?"

திரையின் ஓரத்தில், அவன் அதுவரை பார்த்திராத ஒரு பதில் தோன்றியது: 'வேண்டாம், இரு.' பதறிப்போய் அதைத் தொட்டான். செம்மலர் பேருந்து ஏறவில்லை. இன்னொரு தேநீர் சொன்னாள். அவ்வளவுதான் ஐந்தாவது முடிவு. திருமூர்த்தி அழுதுவிட்டான்.

குறையை அடித்துவிட்டு நிறையில் எழுதினான்: 'பெரிய விஷயத்தை அவள் சின்ன விஷயங்களுக்கு நடுவில் வைத்துச் சொல்கிறாள். நேரே கேட்கத் துணிவில்லாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். இதைக் கேட்கத் தவறுகிறவனுக்குக் காது எதற்கு?' கடைசி வரி அவனுக்கே ரொம்பப் பிடித்திருந்தது. யாருக்காவது வாசித்துக் காட்ட வேண்டும் போலிருந்தது.

"மைதிலி!"

சாயங்காலம் ஐந்து மணி. அடுக்களை துடைத்து வைத்தபடி இருந்தது. பீரோ மேலிருந்த அவளுடைய பெரிய பையைக் காணோம். மாவு டப்பா பக்கத்தில் கிடந்த சுருக்கியையும் காணோம்.

தன் சுருக்கியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு பதிவுகளைக் கேட்டான்.

"திங்கள், மைதிலி, ஒன்பது நிமிடம். வழக்கமான வீட்டுப் பேச்சு. சொன்ன பதில்: சரிம்மா, பாத்துக்க." செவ்வாயும் அதேதான். புதனும் அதேதான்.

"முழுப் பேச்சையும் போடு."

"சுருக்கியபின் மூலப் பேச்சு அழிக்கப்படும்."

சுருக்கியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவளை அழைத்தான். எடுத்தாள். பின்னணியில் பேருந்துச் சத்தம் கேட்டது.

அவள் 'சொல்லுங்க' என்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டான். செம்மலரைப் பற்றிச் சொன்னான். பொள்ளாச்சியில் குடியிருந்த முதல் வீட்டைப் பற்றி, அங்கே அவள் உப்பில்லாமல் கிளறிய உப்புமாவைப் பற்றி, ஒழுகுகிற குழாயை நாளைக்கே மாற்றிவிடுவதைப் பற்றி. முக்கியமானதை நேரே சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் உப்புமாவுக்கும் குழாய்க்கும் நடுவில் வைத்து, "வேண்டாம் மைதிலி, இரு" என்று சொல்லிவிட்டுக் குழாய்க்குப் போய்விட்டான். பதினொரு நிமிடம் பேசினான். கல்யாணமான பிறகு அவளிடம் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

முடித்துவிட்டுக் காத்திருந்தான்.

"சரிங்க, பாத்துக்கங்க" என்றாள் மைதிலி.