வாசலில் நின்ற வாள் அலமாரி

“ஐயையோ... கத்தி! கத்தி!”

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை போகிற பஸ்ஸில் இப்படி ஒரு கூச்சல் கிளம்பினால் என்ன ஆகும்? பாதிப் பேர் சீட்டு மேல் ஏறினார்கள். மீதிப் பேர் டிரைவரைத் திட்டினார்கள். குறுக்கே ஓடிய ஆட்டுக்காக அவர் பிரேக்கை மிதித்ததில், பின்சீட்டு இளைஞன் மடியிலிருந்த கோரைப்பாய் உருண்டு அவிழ்ந்து, உள்ளேயிருந்து ஒரு பழைய வாள் உறையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. வந்து நின்ற இடம், தங்கச்செல்வியின் காலடி.

அவள் கத்தவில்லை. குனிந்து எடுத்தாள். கைப்பிடியைத் தடவினாள். உறையிலிருந்து நாலு விரற்கடை இழுத்துப் பார்த்தாள். சித்தி வீட்டு வளைகாப்பில் போட்டுவிட்ட கண்ணாடி வளையல்கள் கலகலவென்றன.

“ஏங்க... வாளைப் போயி பாயிலயா சுத்துவாக? பாருங்க, எம்புட்டுத் துரு!”

பின்சீட்டிலிருந்து ஓடி வந்த அருண்பாண்டியன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். திறந்தபடியே நின்றான். அந்தக் கண்கள்... கரிசலில் முதல் மழை விழுந்ததும் மண்ணுக்கு ஒரு கறுப்பு வருமே, அந்தக் கறுப்பு. அதில் கோபம் வேறு மின்னியது. பாவம், பையன் என்ன செய்வான்?

“ஒரு வீட்டுல... இதை வச்சு அடுப்பெரிக்கப் பருத்திமாரு வெட்டிக்கிட்டு இருந்தாக. பாக்கப் பொறுக்கல. கேட்டு வாங்கிட்டு வாரேன்.”

“வாங்கினா மட்டும் போதுமா? வச்சுக்கத் தெரிய வேணாமா?”

வாளை அவன் கையில் திணித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அருப்புக்கோட்டையில் அவன் பாயைச் சுருட்டி முடிப்பதற்குள் இறங்கிக் கூட்டத்தில் கரைந்துபோனாள். பெயர்கூடத் தெரியாமல் அவன் பஸ் ஸ்டாண்டில் பேந்தப் பேந்த விழித்தான்.

அடுத்த வாரம் அவனுடைய அம்மா கோகிலாம்பாள், அவன் சேர்த்து வைத்திருந்த பழைய வாள்களையெல்லாம் வைக்க ஓர் அலமாரி செய்யச் சொல்லி அவனை அருப்புக்கோட்டைக்கு விரட்டினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இன்பராஜ் மரக்கடை. படியேறியவன் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே வரைபலகையின் மேல் கவிழ்ந்திருந்த தலையை அவனுக்கு எங்கேயும் அடையாளம் தெரியும்.

“வாங்க தம்பி. படமெல்லாம் எம்மக தங்கச்செல்விதான் போடுவா” என்றார் இன்பராஜ்.

சொன்னாரே தவிர, அவருக்கு முழுமனசு கிடையாது. பெண்பிள்ளை கடையில் உட்கார்ந்து படம் போடுவதை நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அதனால் முந்தின நாள்தான் மகளிடம் கறாராகச் சொல்லியிருந்தார். “அடுத்து வர்ற ஆர்டரு மொத்தமும் ஒன் பொறுப்பு. சரியா வந்துச்சுன்னா கடையில ஒனக்கு எடம் உண்டு. சொதப்புனே... பலகையைப் பரண்ல போட்டுட்டு வீட்டோட இருக்கணும்.” அந்த ஆர்டர்தான் இப்போது வாசலில் நின்று திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தது.

“எத்தனை வாளு?” தலை நிமிராமலே கேட்டாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு... அடக்கிக்கொண்டாள்.

“பதினொண்ணு. அன்னிக்கு ஒங்க கால்ல விழுந்ததையும் சேத்து.” பிறகு வாய்க்குள்ளேயே, “வாளு மட்டுமா விழுந்துச்சு...”

“என்ன சொன்னீக?”

“ஒண்ணுமில்ல... பதினொண்ணுன்னேன்.”

காதில் விழாமலா இருக்கும்? பென்சில் முனை பட்டென்று ஒடிந்தது. சீவிக்கொண்டே, இல்லாத அதட்டலை வரவழைத்துக்கொண்டு பேசினாள். “கூர்ப்பக்கம் மேல பாத்து இருக்கணும். கீழ பாத்து வச்சா தாங்குற கட்டையை அறுத்துரும். உறை தனி, வாளு தனி. தோலுறை ஈரத்தை இழுத்து வச்சுக்கிட்டு வாளைத் தின்னுரும். கோயில் வாளுக்குப் பெட்டி செஞ்சவரு எங்க காளிராஜ் ஆசாரி, அவரைக் கேட்டு வச்சிருக்கேன்.”

கேட்டு வைத்திருக்கிறாளா? ஆர்டர் வருவதற்கு முன்பேயா? அருண்பாண்டியனுக்கு உள்ளே என்னவோ பூத்தது. பஸ்ஸில் பார்த்த வாளை இவளும் மறக்கவில்லை...

அவள் போட்ட படம் அழகாக இருந்தது. நடுவே சதுரமாக ஒரு தேக்குத் தூண். அதன் நாலு முகத்திலும் வாள்கள் படுத்திருக்கும். சுற்றிலும் கண்ணாடி. அதற்கு வெளியே மரக்கதவு. மூடினால் பீரோ மாதிரி, திறந்தால் நாலு பக்கமும் வாள் ஜொலிக்கும்.

“ஒரே ஒரு யோசனை. நாலு முகத்துலயும் வாளு படுக்கணும்னா நாலு பக்கமும் வாளு நீளம் வேணும். மூணேகால் அடி சதுரம். ஒங்க வீட்டு வாசல் நிலை உள்ளளவு எவ்வளவு? அது பத்தாதுன்னா செவுத்தோட ஒட்டுற மாதிரி ஒடிசலாப் போட்டுருவேன். நானே வந்து அளந்துருவேன்...”

“கல்யாணமாகாத பையன் இருக்கிற வீட்டுக்கு நீ எதுக்கும்மா போகணும்?” என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“நான் அளந்துட்டு வாரேன்” என்றான் அருண்பாண்டியன்.

நாலு நாள் கழித்து வந்தான். முகத்தில் சுரத்தில்லை.

“மூணரை அடி.”

“நல்லா அளந்தீகளா? டேப்பு வச்சா?”

“ம்... டேப்பு வச்சுத்தான்.”

சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டாள் தங்கச்செல்வி. அவளுக்கும் அன்றைக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாகத்தான் இருந்தது.

வேலை ஆரம்பமானது. கைப்பிடி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்க ஒரு நாள், துணி பச்சையா சிவப்பா என்று கேட்க ஒரு நாள், ஒன்றுமே கேட்காமல் ஒரு நாள்... அருண்பாண்டியன் கடைக்கு வந்துகொண்டே இருந்தான். “ஒங்க வீட்டுப் பருத்தி யாவாரமெல்லாம் யாரு பாக்குறா?” என்று அவள் கேலி செய்வாள். “பருத்தி எங்கயும் ஓடிப்போகாது” என்பான். அவன் போன பிறகு அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருப்பாள். காளிராஜ் ஆசாரி இழைப்புளியைத் தள்ளிக்கொண்டே கவனித்தார்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு திங்கட்கிழமை முடிவு வந்தது. கோகிலாம்பாளே நேரில் வந்து இறங்கினாள்.

“தாயி... அலமாரி வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துருமில்ல? அன்னைக்கு மல்லாங்கிணத்துல இருந்து பொண்ணு வீட்டுக்காரவுக மாப்பிள்ளை வீடு பாக்க வாராக.”

தங்கச்செல்வியின் கையிலிருந்த உப்புத்தாள் நின்றது.

“அந்தக் கூத்தை ஏன் கேக்குற! இதுவரைக்கும் மூணு எடத்துல இருந்து வந்தாக. கூடத்துல இவன் பரத்தி வச்சிருக்கிற வாளைப் பாத்ததும் காப்பியைக்கூடக் குடிக்காம எந்திரிச்சிட்டாக. ‘எம்பொண்ணை வெட்டுக்குத்து வீட்டுலயா குடுப்பேன்’னு கேட்டுட்டுப் போனாரு ஒருத்தரு. இந்த எடமும் தவறிச்சுன்னா அத்தனை வாளையும் கொல்லன் பட்டறையில போட்டு அருவாளா அடிச்சுருவேன்னு சொல்லிட்டேன். அதான்... மூடி வைக்கிற மாதிரி அலமாரி.”

ஓ... அதற்குத்தானா? வேறொருத்தி பயப்படாமல் உள்ளே வருவதற்கா நான் இத்தனை நாள் பார்த்துப் பார்த்து இழைத்தேன்? வலித்தது. தாங்க முடியாமல் வலித்தது. அவனாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே... ஆனால் என்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? நான் யார்? அலமாரிக்குப் படம் போடுகிறவள்.

“வந்துரும்மா. வெள்ளிக்கிழமை காலையில நானே கூட வந்து எறக்கி வைக்கிறேன்” என்றாள். உப்புத்தாளை மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.

மறுநாள் அருண்பாண்டியன் வந்தபோது அவள் எழுந்திருக்கவே இல்லை.

“செல்வி... ஒரு விஷயம் பேசணும்.”

“அலமாரியைப் பத்தின்னா ஆசாரிகிட்டப் பேசுங்க. வேற பேச்சு எனக்கெதுக்கு?”

“இல்ல, அந்த நிலை...”

“வெள்ளிக்கிழமை சரக்கு வந்துரும். போயிட்டு வாங்க.”

போய்விட்டான். பதினொரு வாள் வைத்திருக்கிற வீரன்! அம்மாவிடம் வாயைத் திறக்கவும் தைரியமில்லை, இவளிடம் நின்று பேசவும் தைரியமில்லை. அவன் தலை மறைந்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. கதவுகளுக்கு இன்னொரு தடவை மெழுகு போட்டுத் தேய்த்தாள்... முகம் தெரிகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை. வானம் மூட்டம் போட்டுக்கொண்டு நின்றது. மழையில்லாமல் இரண்டு வருஷமாக ஏமாந்த ஊர் அண்ணாந்து பார்த்தபடி இருந்தது. வேனிலிருந்து இறக்கிய அலமாரியை ஆறு பேர் தூக்கிக்கொண்டு அருண்பாண்டியன் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

நுழையவில்லை.

சாய்த்துப் பார்த்தார்கள். படுக்கப்போட்டுப் பார்த்தார்கள். எப்படித் திருப்பினாலும் இடித்தது. தங்கச்செல்வி டேப்பை இழுத்து நிலையில் வைத்தாள். இரண்டே முக்கால் அடி. மறுபடியும் வைத்தாள். அதே இரண்டே முக்கால்.

“இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன்!” இன்பராஜ் தெருவென்றும் பார்க்காமல் வெடித்தார். “நிலை அளவு தெரியாம எவனாச்சும் பீரோ செய்வானா? ஊரு பூரா எங்கடையைப் பாத்துச் சிரிக்கப்போகுது. போதும் தாயி... ஒன் படமும் போதும், பலகையும் போதும்!”

கோகிலாம்பாள் கையைப் பிசைந்தாள். “அண்ணாச்சி, இப்பம் பஸ்ஸு வந்துருமே... கூடத்துல வாளெல்லாம் பரத்திக் கெடக்கே...”

அருண்பாண்டியன் சொன்ன அளவு இது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கச்செல்வி அவனைப் பார்த்தாள். பெண்வீட்டார் வருகிற நாள். எல்லார் முன்னாலும் இவனை எதற்கு அவமானப்படுத்துவது? பாவம், டேப்பைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்திருப்பான்...

“தப்பு என்னோடதுதான்ப்பா” என்றாள். “நானே அளந்திருக்கணும். திட்டுங்க.”

கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அதே நேரம் மேலேயிருந்தும் ஒரு சொட்டு.

“இல்ல!”

அருண்பாண்டியன் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது.

“அவுக மேல தப்பே இல்ல. நான்தான் பொய் அளவு சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன். ரெண்டே முக்காலை மூணரைன்னு சொன்னேன்.”

“ஏன்லே?” கோகிலாம்பாள் திகைத்துப்போனாள்.

“அலமாரி உள்ள போகக் கூடாதுன்னுதாம்மா! வாளெல்லாம் கூடத்துலயே கெடக்கும், பொண்ணு வீட்டுக்காரவுகளும் பாத்துட்டு ஓடிருவாகன்னுதான். வேற யாரையும் எனக்குக் கட்டிக்க முடியாதும்மா. பஸ்ஸுல அன்னைக்கே... எம்மனசு இவுககிட்டப் போயிருச்சு. ஒங்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு இந்தக் கோணல் வேலை பண்ணிட்டேன்.”

மழை தடதடவென்று பிடித்துக்கொண்டது. தெருவில் ஆளுக்காள் “பெய்யுது... பெய்யுது!” என்று கூவினார்கள். காளிராஜ் ஆசாரிக்கு மட்டும் தேக்குதான் கவலை. “பேசுறவுக பேசுங்கப்பா. பின்னாடி பருத்தி மூட்டை போடுற கிட்டங்கிக் கதவு அகலந்தானே? தூக்குங்கலே!” ஆறு பேரும் அலமாரியோடு ஓடினார்கள்.

தங்கச்செல்வி நகரவில்லை. அவன் முன்னால் வந்து நின்றாள். நெற்றியிலிருந்து நீர் வழிந்தது.

“ஒங்களுக்கு அது ஒரு பொய்யி. எனக்கு அது என்ன தெரியுமா? இந்த வேலை கெட்டா நான் கடைப்பக்கமே வரக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தாக. என் பொழப்பையே கெடுக்கப் பாத்தீகளே...”

அவன் முகம் வெளுத்துவிட்டது. “சத்தியமா தெரியாது செல்வி. செவ்வாக்கிழமை சொல்ல வந்தேன்... நீங்க வெரட்டவும் போயிட்டேன். போயிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க.”

இன்பராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார். மழையைத் துடைத்தாரா, கண்ணீரையா என்று தெரியவில்லை. “அப்பம்... படத்துல தப்பு இல்ல” என்றார் மெதுவாக. மகளைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டே பார்த்தார். “கோவத்துல கத்திட்டேன் தாயி. இனிமே எந்த வீடுன்னாலும் நீயே போயி அள. எவன் சொல்ற அளவையும் நம்பாத.”

அப்பாடா! நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த ஒரு வண்டிப் பாரம் இறங்கியது தங்கச்செல்விக்கு. மூச்சு விட்டாள். எத்தனை நாளைக்கு அப்புறம் விடுகிற முழு மூச்சு அது!

“கூறுகெட்ட பயலே!” கோகிலாம்பாள் மகன் முதுகில் ஒன்று வைத்தாள். “இம்புட்டுத்தானா? முன்னமே சொல்லித் தொலைச்சிருந்தா அண்ணாச்சிகிட்ட நானே வந்து கேட்டிருக்க மாட்டேனா? நமக்குள்ள பொண்ணு கொடுத்து வாங்குற குடும்பந்தானே? இப்பம் வர்றவுகளுக்கு என்னலே பதில் சொல்லுவேன்?”

“நீ சொல்ல வேண்டாம்மா. பஸ் ஸ்டாண்டுக்கே போயி நானே சொல்றேன். உள்ளதைச் சொல்றேன். திட்டுனா வாங்கிக்கிறேன்.”

சொன்னவன் குடைகூட எடுக்காமல் தெருவில் இறங்கி நடந்தான். அம்மாவிடம் பயந்தவன்... போகிறானே! தங்கச்செல்விக்கு ஒரு நொடிகூடப் பொறுக்க முடியவில்லை.

“ஏங்க!”

திரும்பினான். அப்பா நிற்கிறார், அவன் அம்மா நிற்கிறாள், தெரு முழுக்க ஆள் நிற்கிறது. நிற்கட்டும் என்று தோன்றியது.

“பொய் சொன்னதுக்குக் கோவம் இன்னும் போகல. கல்யாணத்துக்கப்புறமும் சொல்லிக் காட்டுவேன்... ஆனா எனக்கும் ஒங்களைத்தான் புடிச்சிருக்கு. அன்னைக்குப் பஸ்ஸுல இருந்தே.”

அருண்பாண்டியன் போக வேண்டிய இடத்தை மறந்துவிட்டு, நடுத்தெருவில் நனைந்தபடி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். இன்பராஜும் துண்டுக்குள் சிரித்துக்கொண்டார்.

“சிரிச்சது போதும்லே!” கோகிலாம்பாள் வாசலிலிருந்து கத்தினாள். “பஸ்ஸு வந்துரும்... ஓடிப் போயிச் சொல்லிட்டு வா. அதுவரைக்கும் எம்மருமகளுக்குத் தலை தொவட்டி விடுறேன்.”