முப்பத்தோரு இன்ட்டு

கோபமாக வரும்போது குடை மடங்காது. இது சின்னவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

துப்பாக்கி சுடுவோர் சங்கத்தின் அலுவலக வாசலில் நின்றுகொண்டு அவள் குடையை இழுத்தாள், அமுக்கினாள், மனசுக்குள் திட்டினாள். ம்ஹூம்... வெளியே மழை கொட்டியது. குடையோ விரிந்த மேனிக்கு நிலைப்படியில் மாட்டிக்கொண்டு, அவளை உள்ளேயும் விடவில்லை, வெளியேயும் விடவில்லை.

"இப்படிக் குடுங்க..."

உள்ளேயிருந்து ஒரு கை நீண்டது. கையைத் தொடர்ந்து ஒரு மூக்குக்கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் ஒருவன். அவன் எதையோ அழுத்த, குடை படாரென்று மூடிக்கொண்டது. அதிலிருந்த தண்ணீர் மொத்தமும் அவன் முகத்தில்.

'சாரி' என்று வாய் வரை வந்துவிட்டது. சண்டை போட வந்தவள் முதல் வார்த்தையிலேயே மன்னிப்புக் கேட்டால் நன்றாகவா இருக்கும்? விழுங்கிவிட்டாள்.

"தரப் பட்டியல் போடுறது யாருங்க?"

"நான்தான்."

அடடா! அப்படியானால் முகம் துடைக்கக்கூட நேரம் கொடுக்கக் கூடாது.

"என்னை மூணாம் தரத்துல போட்டிருக்கீங்க."

சுடுகிறவர்களை அவர்கள் போட்டிகளில் எடுத்த புள்ளிகளை வைத்து முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று சங்கம் வருடத்துக்கு ஒருமுறை பிரிக்கும். பட்டியல் நேற்றுத்தான் பலகையில் ஒட்டப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பெரிய போட்டி. முதல் தரத்துக்காரர்கள் மட்டுமே அதில் சுடலாம். வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு பெயர் கொடுப்பது முடிகிறது. அன்று செவ்வாய். சின்னவள் இந்தப் போட்டிக்காக ஆறு வருடமாகக் காத்திருந்தாள்.

"உறுப்பினர் எண்?"

"இருநூத்திப் பதினேழு."

அவன் கணினியைத் தட்டினான். "ஆமாங்க. மூணாம் தரம்தான்."

"அது தெரிஞ்சுதானே வந்திருக்கேன்? அது தப்புங்கிறேன்."

"தப்பா இருக்காதுங்க. ஒவ்வொரு தாளையும் நானே ஏத்தினேன். நான் இங்க வந்து நாலு மாசம்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி ஏழு வருஷம் பரீட்சைத் துறை. லட்சக்கணக்குல விடைத்தாள்... ஒரு மார்க் மாறினதில்ல."

சொல்லும்போதே அவன் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது. தன் வேலையைப் பற்றி அவளும் இப்படித்தான் பேசுவாள்.

அலமாரியைத் திறந்து அவளுடைய தாளை எடுத்து வந்து மேஜையில் விரித்தான். "இதுதான் உங்க கடைசிப் போட்டி. அறுபது குண்டு. முதல் வரிசையைப் பாருங்க... பத்துல ஆறு தப்பு. மொத்தம் முப்பத்தோரு தப்பு. அறுநூத்துக்கு இருநூத்தி அறுபத்தி நாலு. ஏத்தும்போதே எனக்குப் பாவமா இருந்துச்சு."

"பாவமா?"

"இவ்வளவு தப்புப் பண்ணியும் விடாம வர்றாங்களேன்னு..."

அவளை யாரும் இதுவரை பாவம் என்று சொன்னதில்லை. காது மடல் சூடானது. "தப்பு தப்புங்கிறீங்களே... எதைச் சொல்றீங்க?"

"இதோ. இன்ட்டு போட்டிருக்கே. கம்ப்யூட்டர் எண்ணை மட்டும்தான் வாங்கும். அதனால இன்ட்டு வந்த இடத்துல எல்லாம் சைபர் போட்டேன்."

சின்னவள் தாளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். தேக்கிவைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

"சார்... சுடுற அட்டையில வட்டம் வட்டமா இருக்கும். நடு வட்டத்துல பட்டா பத்து. தெரியும்தானே?"

"தெரியும்."

"அந்தப் பத்துக்குள்ளேயே இன்னொரு குட்டி வட்டம் இருக்கு. நட்டநடு. அதுல பட்டா பத்துன்னு எழுத மாட்டாங்க... இன்ட்டு போடுவாங்க. மதிப்பு பத்துதான். ஆனா பத்துலயே அதுதான் உசத்தி."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்க மறந்து அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

சின்னவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. ஒரு நாளைக்கு நாற்பது ஜோடிக் கண்களைப் பார்க்கிறவள். எந்தக் கண்ணும் அவளை ஒன்றும் செய்ததில்லை. இந்தக் கண்கள்... இமையில் இன்னும் மழைத்தண்ணீர் நிற்க, எதையும் மறைக்கத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தன. 'இடது கண்ணுக்குப் பவர் மாறியிருக்கு' என்று அவசரமாக நினைத்துக்கொண்டாள். வேறு எதையாவது நினைத்துவிடக் கூடாதே!

"அப்ப நல்லா சுட்டவங்களுக்கெல்லாம் நான் சைபர் போட்டிருக்கேன்..." அவன் குரல் இறங்கிவிட்டது. "இது மாதிரி இன்னும் எத்தனை பேருக்குங்க?"

தன் வேலை என்னாகும் என்று அவன் முதலில் கேட்கவில்லை. அதை அவள் கவனித்தாள்.

மறுநாள் மத்தியானம், சங்கப் பதிவேட்டில் முகவரி பார்த்து, அவன் கடைக்கே வந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"செயலாளர்கிட்ட பேசிட்டேன். வேலை முடிஞ்ச மாதிரிதான்!"

"முதல்ல உட்காருங்க. மோவாயை இதுல வைங்க. நேத்தே பார்த்தேன், இடது கண்ணு சரியில்ல."

"நான் கண்ணு காட்ட வரலைங்க..."

"கடைக்கு வந்துட்டு அப்படிச் சொன்னா முதலாளி என்னைத்தான் முறைப்பாரு. கடைசி வரியைப் படிங்க."

"தெரியலையே."

"அதான் பட்டியல் அப்படி வந்திருக்கு."

அவன் சிரித்துவிட்டான். சிரிக்கும்போது அந்தக் கண்கள் பாதியாகச் சுருங்கின. சின்னவள் கண்ணாடி வில்லையை மாற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லுங்க, என்ன முடிஞ்சுது?"

"பட்டியல் அச்சாகிடுச்சாம், முழுக்க மாத்த முடியாதாம். ஆனா உங்களுக்கு மட்டும் 'சிறப்புச் சலுகை'ன்னு ஒரு வரி போட்டு முதல் தரம் தர்றாராம். ஞாயித்துக்கிழமை நீங்க சுடலாம்!"

அவள் கை நின்றது.

"சலுகையா?"

"ஆமா..."

"முப்பத்தோரு தடவை நட்டநடுவுல சுட்டதுக்குச் சலுகையா? அந்த வார்த்தை என் கார்டுல ஏறினா, நான் சுடுற வரைக்கும் கூடவே வரும். போற இடமெல்லாம் 'இவ சலுகையில வந்தவ'ம்பாங்க. அப்புறம் மத்தவங்க? அவங்களுக்கும் நடுவுலதான் பட்டிருக்கு. அவங்க கேட்க வரலைங்கிறதுக்காக விட்டுடுவீங்களா?"

"முந்நூத்திப் பன்னெண்டு தாளுங்க. ரெண்டு நாள்தான் இருக்கு. அதுவுமில்லாம... பிழைன்னு போட்டா, யார் பிழைன்னும் போடணும்."

"போடுங்க!"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சுருக்கென்று விழுந்தது என்று அவளுக்கே தெரிந்தது. அவன் மெல்ல எழுந்தான். "உங்களுக்கு நல்லது பண்றதா நினைச்சுத்தான் ஓடி வந்தேன்," என்றான். அவ்வளவுதான். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான்.

வீட்டில் அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்து, சுடும்போது போட்டுக்கொள்கிற அந்தத் தடித்த கோட்டின் முழங்கையைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் துணி தைக்கிற அம்மாவுக்குத் தன் கையால் தைத்த உடுப்புகளிலேயே இந்தக் கோட்டின் மேல்தான் பெருமை. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

"நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. என் பொண்ணு சலுகையில போக வேண்டாம். ஆனா முந்நூறு தாளையும் அவன் ஒருத்தனே உட்கார்ந்து பார்க்கணுமா? சொல்றது சொல்லிட்டு இங்க வந்து உட்கார்ந்துட்டியே..."

சின்னவள் குடையை எடுத்தாள். மழை விட்டிருந்தது. எடுத்தது எடுத்ததுதான் என்று கொண்டுபோனாள்.

சங்கத்து நடையில் செயலாளர் எதிர்ப்பட்டார். "இருநூத்திப் பதினேழு நீதானேம்மா? நீ சலுகை வேண்டாங்கிறே. அவன் என்னடான்னா தன் பேர்லயே பிழைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டான். ரெண்டு மாசத்துல நிரந்தரமாக வேண்டியவன்... இனிமே இன்னொரு வருஷம் தற்காலிகம்தான். நான் என்ன செய்ய முடியும், சொல்லு?"

சின்னவள் குடையைச் சுவரில் சாய்த்தாள். உள்ளே போனாள். இரண்டு பக்கமும் தாள் கட்டுகள். நடுவில் அவன் தலை மட்டும் தெரிந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

அவன் நிமிர்ந்தான். "சொல்லியிருந்தா சலுகையை வாங்கிக்கிட்டிருப்பீங்களா?"

ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தாள். "மாட்டேன்."

"அதான் சொல்லலை." அவன் லேசாகச் சிரித்தான். "நீங்க சொன்னதுதான் சரி. ஏழு வருஷம் தப்பில்லாம பார்த்தேன்னு பெருமை பேசினேன். இந்தத் தப்பை மறைச்சா அந்த ஏழு வருஷத்துக்கும் அர்த்தமில்லாம போயிடும்."

அவனை அப்போதே அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இதற்கு மேல் ஒளித்துவைப்பானேன்!

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தாளைக் குடுங்க. நான் படிக்கிறேன், நீங்க ஏத்துங்க. பத்து... இன்ட்டு... ஒன்பது... இன்ட்டு... இன்ட்டு... என்ன, கை நின்னுடுச்சு?"

"ஒண்ணுமில்ல... நீங்க இன்ட்டுன்னு சொல்லும்போது தப்பு மாதிரியே இல்ல."

"பேச்சைக் குறைங்க. எட்டு... பத்து..."

ஆனால் அடுத்த வரியை அவள் தப்பாகப் படித்தாள். அவன்தான் திருத்தினான். அதில் அவனுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அவளுடைய தாள் வந்தபோது மட்டும் அவள் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள். "இதை நீங்களே படிச்சு, நீங்களே ஏத்துங்க. நான் பக்கத்துல இருந்தேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது."

விசைகள் தட்டப்படும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு நின்றது.

"ஐநூத்தி எழுபத்தி நாலு," என்றான் அவன். முதல் தரத்துக்கு ஐந்நூற்று எழுபது போதும். அதை அவன் குமாஸ்தா மாதிரிச் சொல்லவில்லை... அவனே துப்பாக்கி எடுத்துச் சுட்ட மாதிரி சொன்னான். சின்னவள் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. கண் கலங்கியிருந்தது. கண் பரிசோதிக்கிறவள் அதைக் காட்டிக்கொள்ளலாமா?

வியாழக்கிழமையும் வந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் பலகையில் புதிய பட்டியல் ஏறியது. நாற்பத்து மூன்று பேருடைய தரம் மாறியிருந்தது. கீழே இரண்டு வரி: 'நடுப்புள்ளியைக் குறிக்கும் அடையாளத்தைச் சுழியம் என ஏற்றியது பதிவாளரின் பிழை. சுட்டவர்கள் பிழை ஏதும் செய்யவில்லை.' அதன் கீழே அவன் கையெழுத்து, கோணல்மாணல் இல்லாமல்.

கடைசி வரியை அவள் மூன்று முறை படித்தாள். பிறகு போய்ப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கியில் "இருநூற்றுப் பதினேழு, முதல் தரம்" என்று கூப்பிட்டபோது அம்மா பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பி, "அந்தக் கோட் நான் தைச்சது... உள்ள இருக்கிறவளும் என் பொண்ணுதான்," என்றாள். அவர் கேட்கவே இல்லை, பாவம்.

சின்னவள் மூச்சை அடக்கிச் சுட்டாள். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இரண்டாமிடம். ஆனால் நட்டநடுவில் பட்டவை அவளுக்குத்தான் அதிகம், முப்பத்தெட்டு. அடுத்த வருடம் அந்த ஒரு புள்ளியையும் எடுத்துவிடலாம் என்று தலை நிமிர்ந்தே இறங்கி வந்தாள்.

மதிப்பெண் தாள்களை வாங்க அவனே வந்திருந்தான். மூக்கில் அவள் கடையின் புதுக் கண்ணாடி. அவளுடைய தாளை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு தாளை நீட்டினான். 

"இது என்ன?"

"பதிவுத் திருத்த விண்ணப்பம். எனக்கு இதுதான் எழுத வரும்..."

அலுவலகப் படிவம்தான். கட்டங்களுக்குள் அச்சடித்த மாதிரி எழுத்து.

'பிழை: விண்ணப்பதாரர் இவரைப் பாவம் என்று நினைத்தது. திருத்தம்: விண்ணப்பதாரர் இவரைக் காதலிக்கிறார். விவரம்: தாளைப் பார்த்த அன்றே மனசில் நின்றுவிட்டார். ஆளைப் பார்த்த அன்று மழை. சரிபார்ப்பவரின் முடிவு:'

கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

சின்னவளுக்குச் சிரிப்பு முட்டியது, நெஞ்சு படபடத்தது. அறுபது குண்டு சுட்டபோதுகூட இப்படி அடித்துக்கொள்ளவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை அவளே உருவினாள். காலிக் கட்டத்தில் பெரிதாக, அழுத்தமாக, ஒரு இன்ட்டு போட்டாள்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "தப்பா...? பரவாயில்லைங்க... நான்தான் ஏதோ..."

"கண்ணாடி மாத்தியும் உங்களுக்குச் சரியா தெரியலையா?"

அவன் தாளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான். அந்தக் கண்கள் மெல்ல மெல்லப் பாதியாகச் சுருங்கின...

"பதிஞ்சுக்கோங்க," என்றாள் சின்னவள். "இந்தத் தடவையாவது சரியா!"