நாற்பத்தோராவது தோல்வி

உதயகுமார் மாடிப்படியின் அடியில் கிடந்தான். கண்களை மறைத்து விஆர் ஹெட்செட். கழுத்து... திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

செவிலிமேடு. மாடியில் அவனுடைய கேம் சென்டர்.

இன்ஸ்பெக்டர் கிருஷ்ணவேணி நிமிர்ந்தாள்.

"யாரு பாத்தது?"

"நான்தாம்மா." பார்ட்னர் சிட்டிபாபு மூக்கை உறிஞ்சினான். "தேர் இழுக்கிற கேம் ஆடிக்கினு இருந்தான். உள்ள இருட்டாயிடுச்சுன்னு கத்தினான். தடுமாறி விழுந்துட்டான்."

"ஏன் இருட்டாச்சு?"

"லினக்ஸ்மா. ஓசி சாஃப்ட்வேர். வேணாம்னு சொன்னேன், கேக்கலை. எல்லாம் இவ போட்டது."

விரல் சங்கீதாவை நோக்கி நீண்டது. பகலில் தறி, மதிய இடைவேளையில் இந்த சென்டரின் கம்ப்யூட்டர் வேலை, மாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு. வயது இருபத்திரண்டு.

கிருஷ்ணவேணி காகிதத்தை நீட்டினாள். "என் கவனக்குறைவால உயிர் போச்சுன்னு எழுதிக் குடு."

"மாட்டேன் மேடம்."

"என்னது?"

"என் லினக்ஸ் யாரையும் தள்ளலை. எழுத மாட்டேன்."

"திமிரைப் பாருங்க," என்றான் சிட்டிபாபு. "அஞ்சு நிமிஷம் முன்னாடி நானே மாட்டிப் பாத்தேன்மா. ராஜவீதி, தேர், வடம்... சுத்தியும் தெரிஞ்சுது."

சங்கீதா மெல்லத் திரும்பினாள். "ஹெட்செட்லயா அண்ணா?"

"இந்த ரெண்டு கண்ணால."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். யாருக்கும் காட்டக் கூடாதென்று வைத்திருந்த நோட்டு.

"முயற்சி ஒண்ணு, தோல்வி. ரெண்டு, தோல்வி... நாப்பத்தொண்ணு, இன்னைக்கு மத்தியானம். தோல்வி." பக்கத்தை மூடினாள். "கேம் மானிட்டர்ல மட்டுந்தான் ஓடும் மேடம். இந்த ஹெட்செட்டை இன்னொரு மானிட்டர்னு லினக்ஸ் நினைச்சுக்குது. வெறும் டெஸ்க்டாப்தான் தெரியும். ஒரு மாசமா எனக்கு சரி பண்ண வரலை. ஹெட்செட்ல ஓடலைன்னு உதயண்ணாவுக்கு மட்டும்தான் தெரியும்."

"நோட்ல யாரு வேணா எழுதலாம்," சிட்டிபாபு சிரித்தான்.

"அப்ப மாட்டிப் பாருங்க மேடம். மத்தியானத்துலருந்து எதுவும் மாறலைன்னு கம்ப்யூட்டர்ல பதிவாகிற லாக் சொல்லும்."

கைரேகை எடுத்து முடித்ததும் ஹெட்செட் மாடிக்கு வந்தது. சங்கீதா கேபிளைச் சொருகினாள். மானிட்டரில் தேர் நகர்ந்தது.

கிருஷ்ணவேணி மாட்டிக்கொண்டாள்.

"தேரைக் காணோம். ஒரு மாம்பழக் கரை புடவை. ஓரத்துல குப்பைத்தொட்டி."

"அது டெஸ்க்டாப் வால்பேப்பர் மேடம்."

சிட்டிபாபு வாசலைப் பார்த்தான். வாசலில் கான்ஸ்டபிள்.

"தள்ளி விட்டுட்டு, அப்புறமா தலையில மாட்டினியா?" கிருஷ்ணவேணி ஹெட்செட்டைக் கழற்றினாள்.

"உதயகுமார் பண்ணின கேமை என் பேர்ல சென்னைக்காரனுக்கு வித்துட்டேன்மா... அது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு."

ஜீப்பில் ஏறும்போது சங்கீதாவை முறைத்தான். "ஓடாத ஒண்ணைப் போய் ஓடுதுன்னு நம்பிட்டேனே..."

"நோட்டு எவிடென்ஸ். குடு," என்றாள் கிருஷ்ணவேணி.

"ஜெராக்ஸ் எடுத்துக்கினு திருப்பித் தந்துடுங்க மேடம். நாப்பத்திரண்டாவது முயற்சி பாக்கி இருக்குது."

"அது ஓடிடுச்சுன்னா?"

"அப்புறம் கொலைகாரங்க வேற பொய் தேடணும்."